டீச்சரிடம் கேளுங்கள்: கடல் தாண்டிப் போகும் கடிதங்கள்

போன இதழில் பேனா நண்பர்களைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. பாதிக்கு மேல் பெற்றோர் எழுதியவை. நாலைந்து பிள்ளைகளே கைப்பட எழுதியவை, அவற்றை முதலில் எடுத்துப் படித்தேன். இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். வழக்கம்போல் ஊர் மட்டும், பெயர் இல்லை.

“என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் போலந்து நாட்டுப் பள்ளி ஒன்றோடு கடிதம் எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவளுக்கு ஆங்கிலம் சுமார்தான். நானே எழுதிக் கொடுத்து, அவளைப் பார்த்து எழுத வைக்கிறேன். இது சரிதானே டீச்சர்?” – திருப்பூர்

வேண்டாம் அம்மா. அடுத்த கடிதத்திலேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. பிள்ளை தப்பும் தவறுமாக எழுதி, அங்கே யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம். என் அப்பாவுக்கும் அதே பயம் இருந்தது.

1974. போடிநாயக்கனூரில் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் ஆங்கில டீச்சர் ஒரு படிவம் கொண்டுவந்தார். பின்லாந்தில் துர்க்கு என்ற ஊரில் ‘இன்டர்நேஷனல் யூத் சர்வீஸ்’ என்று ஒரு நிறுவனம் இருந்தது. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் முகவரிகளை வாங்கி, வயது பார்த்து, தெரிந்த மொழி பார்த்து ஜோடி சேர்த்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. 1952இல் தொடங்கி 2008 வரை நடத்தினார்கள். அதன் வழியாகத்தான் எனக்கு ஒரு முகவரி வந்தது. பின்லாந்திலேயே குவோப்பியோ என்ற ஊர், ஏரிக்கரை ஊர். என் வயதுப் பெண்.

அப்பா ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். கடைக் கணக்குப்பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவரிடம் சொல்லி முதல் கடிதத்தை எழுதி வாங்கி வந்தார். ‘வடக்கே இமயம், தெற்கே குமரி, எங்கள் பாரத நாடு பழம்பெருமை வாய்ந்தது’ என்று போகும் அது. மணிமணியான கையெழுத்தில் அதைப் பார்த்து எழுதி அனுப்பினேன். பதில் அரைப் பக்கம் வந்தது. ‘உன் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது, நன்றி.’ அவ்வளவுதான். அவளும் பாவம், இமயமலைக்கு என்ன பதில் எழுதுவாள்?

இரண்டாவது கடிதத்தின்போது கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை. நானே எழுதினேன். ராத்திரி மழையில் எங்கள் வீட்டு ஓடு ஒழுகியதையும், ஒழுகிய இடத்தில் அம்மா குண்டான் வைத்ததையும், அந்தச் சத்தத்தில் தம்பி தூங்காமல் எண்ணிக்கொண்டே இருந்ததையும் எழுதினேன். ‘ஒழுகுவது’ என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை. ஓட்டையும் சொட்டையும் படமாகப் போட்டேன். நாலு பக்கம் பதில் வந்தது! அவள் வீட்டுக் கூரையில் எத்தனை அடி பனி விழுகிறது, அவள் அப்பா ஏறி நின்று எப்படித் தள்ளிவிடுகிறார் என்று அவளும் படம் போட்டிருந்தாள். ‘உன் தம்பி எத்தனை சொட்டு வரை எண்ணினான்?’ என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியில்தான் அவள் எனக்குத் தோழியானாள்.

உங்கள் மகளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது, தெருவில் யாருக்கு நாய் குட்டி போட்டது, எதுவாக இருந்தாலும் சரி. அதை அவளே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதட்டும். பக்கத்தில் ஒரு அகராதி இருக்கட்டும். பொருளே மாறிப்போகும் இடத்தில் மட்டும் திருத்துங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். அந்தப் போலந்துப் பிள்ளைக்கும் ஆங்கிலம் பள்ளியில் படிக்கிற பாஷைதான், அதை மறந்துவிடாதீர்கள். இருவரும் அவரவர் பாஷையை விட்டு நடுவழியில் வந்து சந்திக்கிறார்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் பெயர் வழக்கம் அங்கே புரியாது. படிவத்தில் என் பெயருக்கு முன்னால் ‘எஸ்’ என்று இனிஷியல் இருந்தது. அதை விரித்து எழுது என்று என் பின்லாந்துத் தோழி கேட்டாள். எழுதினேன். அடுத்த கடிதம் ‘டியர் சுப்பையா’ என்று தொடங்கியது. சுப்பையா என் அப்பா. சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரிடம் கொடுத்ததும் ஈஸி சேரில் உட்கார்ந்து, “எனக்கா எழுதியிருக்கு அந்தப் புள்ள?” என்று கேட்டு அந்த இரண்டு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்வோம் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். அவள் வீட்டில் அதைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டினாளாம். ஐஸ்லாந்து நாட்டிலும் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அவள் அப்பா சொன்னதாக எழுதினாள். எங்களைப் போல இன்னொரு தேசமே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

“என் பையனுக்கு 12 வயது. நெதர்லாந்துப் பையன் ஒருவனோடு கடிதம் எழுதிக்கொள்கிறான். ‘நீங்கள் கையாலேயே சாப்பிடுவீர்களாமே, ஸ்பூன் வாங்க முடியாதா?’ என்று அவன் கேட்டிருக்கிறான். என் பையன் அழுதுவிட்டான், இனி எழுத மாட்டேன் என்கிறான். நாமும் சூடாக ஒரு பதில் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா?” – கோவை

முடித்துக்கொள்ள வேண்டாம் சார். பையனின் அழுகையில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ‘இதுக்கெல்லாம் அழுவாங்களா’ என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தப் பையன் கேட்டது பணிவில்லாத கேள்வி. ஆனால் அவன் மனசில் உண்மையிலேயே இருந்த கேள்வி. 12 வயதில் அதை மறைக்கத் தெரியாது. நானும் அப்படி ஒன்று கேட்டிருக்கிறேன்.

தன் பாட்டி, அதாவது அவள் அம்மாவின் அம்மா, தனி வீட்டில் தனியாக இருப்பதாக என் பின்லாந்துத் தோழி ஒருமுறை எழுதியிருந்தாள். என் வீட்டில் அப்பாயி எங்களோடுதான் இருந்தார். ராத்திரியில் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். எனக்குத் தாங்கவில்லை. ‘உங்களுக்கெல்லாம் பாட்டி மேல் பாசமே கிடையாதா?’ என்று எழுதிவிட்டேன். வழக்கமாக ஒன்றரை மாதத்துக்குள் வரும் பதில், மூன்று மாதம் ஆகியும் வரவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று அப்போது தெரியவே இல்லை.

பிறகு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு வரைபடம். அவள் வீட்டிலிருந்து பாட்டி வீடு வரை, ஏரி ஓரமாகப் புள்ளி புள்ளியாக ஒரு வழி. பனிக்காலத்தில் காலில் பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவாளாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் போவாளாம். அன்றைக்கு சவுனாவில், அதாவது விறகு மூட்டிய வெந்நீராவி அறையில், பாட்டியும் பேத்தியும் சேர்ந்து குளிப்பார்களாம். நமக்குச் சனி நீராடல் மாதிரிதான் அவர்களுக்கும் சனிக்கிழமைக் குளியல். குளித்து வந்ததும் பாட்டி சுட்டுவைத்த ‘புல்லா’ என்ற இனிப்பு ரொட்டி. அதற்குப் போடும் வாசனைப் பொருளின் காலிப் பொட்டலத்தைக்கூட உறையில் வைத்திருந்தாள். மேலே ‘கார்டெமும்மா’ என்று அச்சடித்திருந்தது. இது எங்கே விளைகிறது என்று பாட்டிக்கும் தெரியாது, உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்து மூக்கருகே வைத்தார். காகிதத்தில் வாசனை இன்னும் இருந்தது. “இது நம்ம ஏலக்காய்ம்மா” என்றார். மலையில் பறித்து உலர்த்தி மூட்டையாக இறங்கும் காயைச் சல்லடையில் சலித்து, பருமனும் நிறமும் பார்த்துப் பிரிப்பதுதான் அவருடைய அன்றாடம். அது பிறகு எந்த ஊர் அடுப்பங்கரைக்குப் போகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் காய் எங்கள் ஊர்க் காய்தானா என்பதற்குச் சாட்சி கிடையாது. அப்பாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அந்தப் பொட்டலம் அவர் சட்டைப் பையில் ரொம்ப நாள் இருந்தது.

என் முரட்டுக் கேள்விக்கு அவள் சூடாகப் பதில் எழுதியிருந்தால் எனக்கு அந்தப் பாட்டியும் இல்லை, அந்த வழியும் இல்லை.

ஆகவே உங்கள் பையனை எழுதச் சொல்லுங்கள். சோற்றைக் குழம்போடு எப்படிப் பிசைவது, மீனில் முள்ளை விரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது, சாப்பிடுமுன் கை கழுவாவிட்டால் வீட்டில் யார் திட்டுவார்கள், எல்லாவற்றையும் எழுதட்டும். ‘நீ கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது’ என்றும் ஒரு வரி எழுதட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. கடைசியில் அவனும் ஒரு கேள்வி கேட்கட்டும், தனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிற கேள்வியாக.

“பேத்தி தன் ஆஸ்திரேலியத் தோழிக்குக் குன்றிமணியும் வேப்பிலையும் கவரில் வைத்து அனுப்ப ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?” – நாகர்கோவில்

கூடாது பாட்டி. விதை, இலை, மண் இவை மூன்றையும் எந்த நாட்டுக்கும் கடிதத்தில் வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா இதில் மிகவும் கண்டிப்பு. பயிர்நோய் பரவும் என்று பிரித்துப் பார்த்து அழித்துவிடுவார்கள். குன்றிமணி விஷம் வேறு. ரூபாய் நோட்டும் நாணயமும் சாதாரணத் தபாலில் வைக்கக் கூடாது. பொருள் என்று எதை வைத்தாலும் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டிவரும், தபால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளாக இருப்பதெல்லாம் தாராளமாகப் போகும். கிழித்த பஸ் டிக்கெட், தினசரிக் காலண்டர் தாள் ஒன்று (நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் விளக்கவே அவளுக்கு இரண்டு பக்கம் வேண்டும்), தீப்பெட்டிப் படம், நீங்கள் புள்ளி வைத்துத் தாளில் போட்ட கோலம். கோலத்தைப் பாதி போட்டு, மீதியை நீ முடி என்று அனுப்பச் சொல்லுங்கள்.

“குழந்தைகள் கடிதம் எழுதிக் கேட்டு நேரு ஜப்பானுக்கு யானை அனுப்பினாராமே, உண்மையா, கட்டுக்கதையா?” – கும்பகோணம்

உண்மைதான். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் விலங்குகள் ஊருக்குள் வந்துவிடும் என்று டோக்கியோ உவேனோ பூங்காவில் இருந்த விலங்குகளைக் கொல்ல 1943இல் உத்தரவானது. அங்கிருந்த மூன்று யானைகளும் பட்டினி போடப்பட்டுச் செத்தன. போர் முடிந்தபோது அந்த ஊரில் யானையைக் கண்ணால் பார்க்காத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு வணிகர் மூலம் 1949இல் நேருவிடம் வந்து சேர்ந்தன.

அவர் மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் யானையைத் தேர்ந்து, தன் மகள் பெயரான இந்திரா என்பதையே வைத்து, கப்பலேற்றினார். அந்த செப்டம்பரில் உவேனோ வந்து சேர்ந்தது. கூடவே ஜப்பான் குழந்தைகளுக்கு ஒரு கடிதமும் எழுதினார். இதை என் பரிசாக நினைக்காதீர்கள், இந்தியக் குழந்தைகள் உங்களுக்குத் தரும் பரிசு என்பது அதன் சாரம். 1957இல் ஜப்பான் போனபோது மகளோடு போய் அந்த யானையைப் பார்த்தார். இந்திரா 1983 வரை இருந்தது. எனக்கு இதில் பிடித்தது, அந்தப் பிள்ளைகள் கேட்ட விதம். நிவாரணம் கேட்கவில்லை, அரிசி கேட்கவில்லை. பார்க்க ஒரு யானை வேண்டும் என்றார்கள்.

“முகம் தெரியாதவர்களுக்கு வீட்டு முகவரி கொடுப்பது பயமாக இருக்கிறது.” – சென்னை

பயம் நியாயமே. கொடுக்காதீர்கள். பள்ளி முகவரி, வகுப்பாசிரியர் பெயர், அதற்குக் கீழே பிள்ளையின் பெயர், அவ்வளவு போதும். போன் நம்பர் வேண்டாம், வீட்டு வாசல் தெரியும் படமும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஓர் ஆசிரியர் இருக்கும் ஏற்பாட்டில் மட்டும் சேருங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

“டீச்சர், நான் ஏழாம் வகுப்பு. பிரான்ஸில் இருக்கும் என் நண்பனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் போட்டான். இரண்டாவதுக்கு நாலு மாதமாகப் பதில் இல்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?” – காரைக்குடி

தம்பி, உன் கடிதத்தைத்தான் இந்தக் கட்டில் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். உனக்கு ஒரு நடந்த கதை சொல்கிறேன்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டான்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பேர்டி மாத்யூஸ் என்ற டீச்சர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தன் மாணவர்களிடம் கொடுத்தார். 10 வயது ஹுவானிடா வாக்னர் தன் வயதுப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, தன் பண்ணையையும், பெட்டி என்ற பெயருள்ள தன் அக்காவையும் பற்றி எழுதிப் போட்டாள். பதில் வந்தது. தேதி 1940 ஏப்ரல் 29. எழுதியவள் ஆன் ஃபிராங்க். பின்னாளில் உலகமே படித்த நாட்குறிப்பை எழுதினாளே, அதே பெண்தான்.

நாட்குறிப்பு தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்தக் கடிதத்தில் அவள் வெறும் பள்ளிப் பிள்ளை. பாட்டி எங்களோடுதான் இருக்கிறார், என் பள்ளியில் மணி அடித்துப் பாடம் மாற்றுவதில்லை, மேப்பில் தேடி உங்கள் பக்கத்து ஊரான பர்லிங்டனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதினாள். என் சினேகிதி ஒருத்திக்கும் பேனா நண்பர் வேண்டுமாம் என்று சிபாரிசு செய்தாள். தான் 800 பட அஞ்சலட்டை சேர்த்திருப்பதாகச் சொல்லி, கால்வாய்ப் படம் போட்ட அட்டை ஒன்றையும் வைத்தாள். போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே நேரத்தில் அவள் அக்கா மார்கோ, ஹுவானிடாவின் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்தப் பயம் தெரிகிறது. ஜெர்மனி எல்லையில் உள்ள சின்ன நாடு எங்களுடையது, நாங்கள் நிம்மதியாக இருந்ததே இல்லை, ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருக்கும் அத்தை மகன்களைப் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். பெரிய பிள்ளை, அவளுக்குத் தெரிந்திருந்தது.

பதினோராம் நாள், மே 10ஆம் தேதி, ஜெர்மன் படை அந்த நாட்டுக்குள் நுழைந்தது. அக்காவும் தங்கையும் டான்வில்லிலிருந்து மறுபடி எழுதினார்கள். பதில் இல்லை. மாதக்கணக்காக, வருஷக்கணக்காக இல்லை. அந்தக் குடும்பம் யூதக் குடும்பம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. போர் முடிந்ததும் பெட்டி மறுபடி ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். ஆன், மார்கோ இருவரின் அப்பா ஓட்டோ ஃபிராங்க்கிடமிருந்து பதில் வந்தது. மறைந்து வாழ்ந்ததையும், தன் பிள்ளைகள் இறந்துபோனதையும் அவர் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைகளின் இரண்டு கடிதங்களையும் டான்வில் சகோதரிகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1988இல் அவை ஏலத்துக்கு வந்தன, இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை தம்பி. இன்றைக்குப் பிரான்ஸில் போர் இல்லை. உன் நண்பன் வீடு மாறியிருக்கலாம், பரீட்சை இருக்கலாம், கடிதமே வழியில் தொலைந்திருக்கலாம். பதில் வராத பிள்ளை எங்கே இருந்தாலும் முதலில் கேட்பது ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்றுதான். நானும் கேட்டேன், என் விஷயத்தில் தப்பு இருந்தது. உன் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பியிருக்கிறாய், இரண்டு முறை படித்துவிட்டேன். உன் ஊர்ச் செட்டிநாட்டு வீட்டில் எத்தனை தூண், அதில் எந்தத் தூணில் நீ தலையை இடித்துக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்று எழுது. தலைப்பில் ‘கடிதம் எண் 3’ என்று போடு, உள்ளே ‘எண் 2ஐ இந்தத் தேதியில் அனுப்பினேன், வந்ததா?’ என்று கேள். தேதியில் மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராக எழுது. நானும் என் தோழியும் அப்படித்தான் எண் போட்டு வந்தோம், எது தொலைந்தது என்று உடனே தெரிந்துவிடும். அவன் முகவரியை அவன் கையால் எழுதிய துண்டு இருந்தால் அதை நகலெடுத்து உறையில் ஒட்டு, அடியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுது. உறையை மூடுவதற்கு முன்னால் அந்தத் தூணைப் படமாகப் போட்டு உள்ளே வை. போன கடிதத்தில் படம் இல்லை.